நாவல் மரத்தில் இருந்தவள்

இழுத்த கயிறு உடனே திரும்பவில்லை. மரம் அறுக்கும் மெஷினின் ஸ்டார்ட்டர் கயிறு கையை விட்டதும் சடக்கென்று உள்ளே ஓட வேண்டும். இன்றைக்கு மறுமுனையை யாரோ பிடித்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுபோல ஊர்ந்து போனது. ஸ்பிரிங்கில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று சீனிச்சாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு இறங்கும் ஒரே பாதையை, காலையில் அடித்த மழையில் வேரோடு சாய்ந்த கிழட்டு நாவல் மரம் மறித்துக் கிடந்தது. அவனுக்குப் பின்னால் பத்தடியில் நின்ற ஜீப்புக்குள் அவன் மனைவி நாகஜோதி பிரசவ வலியில் முனகிக்கொண்டிருந்தாள். மணி நாலுதான் ஆகியிருந்தது, ஆனாலும் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து ஏறிவந்த மூடுபனியில் ஜீப்பின் விளக்கு மஞ்சளாய்க் கலங்கித் தெரிந்தது.

"பிளக்கக் கழட்டிப் பாரு சீனி," என்றார் ஜீப் ஓட்டும் ராஜா முகம்மது.

"பாத்துட்டேன் பாய். நனைஞ்சிருந்துச்சு, தொடச்சு மாட்டிட்டேன். பொறி நல்லாத்தான் வருது."

"வெரசாப் பாருப்பா. பிள்ளை குறுக்க கெடக்கு, இருட்டுமுன்ன கீழ கொண்டு போயிருங்கன்னு நர்சம்மா சொன்னாகல்ல."

அவனுக்கு மட்டும் தெரியாதா? பெட்ரோல் இருந்தது. ஆயில் கலந்த அளவும் சரி. ஏர் பில்டரைக் கழற்றி ஊதினான், சோக்கை மூடி இழுத்தான், திறந்து இழுத்தான். நேற்றுவரை ஒரே இழுப்பில் உறுமிய சனியன் இன்றைக்குப் பார்த்து அவன் உயிரை வாங்கியது. பெட்ரோல் வாடைக்கு அடியிலிருந்து, பழமே இல்லாத இந்த மாதத்தில், அழுகிய நாவல் பழ வாடை வந்தது.

மறுபடி இழுத்தான். மரத்தின் தண்டுக்குள் டொக் என்றது.

மரம் விரிசல் விட்டிருக்கும். இழுத்தான். டொக். இழுக்காமல் நின்றான். சத்தமில்லை. இழுத்தான். டொக். இந்தத் தடவை அவன் காலுக்குப் பக்கத்தில்.

அப்போதுதான் உறைத்தது. கேட்காமல் கை வைத்துவிட்டான். பழைய மரமென்றால் முதலில் தண்டைத் தொட்டு, உள்ளே குடியிருக்கும் ஆத்தாளை இறங்கச் சொல்லி, வலது கையை நீட்டி அவள் போக வேறொரு மரத்தைக் காட்ட வேண்டும். மரம் வெட்டுகிறவர்கள் யாரும் அதைத் தவறவிடுவதில்லை. தானாய் விழுந்த மரத்திடம் என்ன கேட்பது என்று அவன் விட்டுவிட்டான்.

"என்னாங்க... முடியலைங்க," என்று ஜீப்புக்குள்ளிருந்து நாகஜோதி அலறினாள்.

"ஆத்தா, எறங்கிப் போயிரு! வேற எடம் காட்டுறேன், போயிரு தாயே!" கத்திக்கொண்டே பலம் கொண்ட மட்டும் கயிற்றை இழுத்தான்.

மெஷின் உறுமியது. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. செந்தூள் பறக்க அறுத்தான். ராஜா முகம்மது துண்டுகளைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு, ஜீப்பைக் கிளப்ப ஓடினார்.

பாதை திறந்தது. மெஷினை அணைத்தான்.

ஜீப் கிளம்பவில்லை. முனகலும் இல்லை.

மூடுபனிக்குள் ராஜா முகம்மது ஜீப்பைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"கிட்டப் போகாத சீனி."

அவன் தன் வலது கையைப் பார்த்தான். ஆத்தாளை இறங்கச் சொன்னபோது அந்தக் கை கயிற்றோடு பின்னால் நீண்டது. பின்னால் மரம் எதுவும் இல்லை. ஜீப்தான் நின்றது.

ஓடினான். கதவைத் திறந்தான். அழுகிய பழ வாடை.

நாகஜோதி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை. கண் மட்டும் அவனைக் கெஞ்சியது. விலகிய சேலைக்குக் கீழே, வயிற்றுத் தோலை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு ஒரு விரல் எழும்பியது. இன்னொன்று. ஐந்தும். வளர்ந்த பெண்ணின் நீண்ட விரல்கள். அவை மெல்ல விரிந்து, இடம் போதாமல், தடவித் தடவி நெஞ்சுப் பக்கம் ஏறின.