வீட்டார் சாட்சி

"இப்ப என்ன அவசரம், டாக்டர்? நல்லாத்தானே இருக்கா!" என்று கஜேந்திரன் சொன்னபோது, அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது தெய்வானைக்கு. அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. சாந்திக்காப்பு கையில் ஏறிய பிறகு கோபம் என்று ஒன்று உண்டென்பதையே அவள் மறந்து போயிருந்தாள்.

காப்பு, தோல் வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து விடும். கரு கலைந்து, சோறு தண்ணீர் இல்லாமல் அவள் சுருண்டு கிடந்தபோது அதுதான் பிழைக்க வைத்தது. அதை அவள் மறுக்கவில்லை. இப்போது தேறிவிட்டாள். ஆனால் மருந்தை ஒரு படி குறைக்க வேண்டுமென்றாலும் வீட்டார் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்பது சட்டம். அவள் வீட்டில் இருந்த ஒரே ஆள் புருஷன். போதாததற்குக் கூடத்துச் சுவரில் வீட்டுச்செவி வேறு. குரலில் கொதிப்பு ஏறினால் மனநல மையத்துக்குப் போட்டுக் கொடுத்துவிடும்.

மருத்துவர் பெனாசிர் விடவில்லை. "மெதுவா இறக்குவோம். போகப் போக இன்னும் சின்னப் படியா இறக்கணும். தலை சுத்தினா, தூக்கம் கெட்டா உடனே சொல்லுங்க, அங்கேயே நிறுத்தி வைப்போம். நீங்களா மட்டும் கழட்டிடாதீங்கம்மா."

கஜேந்திரன் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினான்.

முதல் படியில் தலை சுற்றியது. மருத்துவர் நிறுத்தி வைத்தார், சரியானது. அடுத்த படியில் தெய்வானைக்கு வாய் திரும்பி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கஜேந்திரன் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டாளிகளை அழைத்து வந்து, "கோழிக் குழம்பு வை" என்றான்.

"முடியாது. வேணும்னா நீங்க வைங்க."

கூட்டாளிகள் செருப்பைத் தேடினார்கள்.

"நோய் திரும்பிடுச்சுடி உனக்கு!"

"இது நோயில்ல, கோபம். இத்தனை நாளா உங்க மேல வரவேண்டிய கோபம்."

மறுநாளே அவன் பெனாசிரை அழைத்து, வீட்டுச்செவியை உச்சத்தில் வைக்கச் சொன்னான். இனி அவள் வாயைத் திறந்தாலே மருந்து ஏறும் என்பது அவன் கணக்கு.

"செவிக்குப் புருஷன் பெண்டாட்டியெல்லாம் தெரியாதுங்க. குரல் மட்டும்தான் தெரியும். வேண்டாம்," என்றார் மருத்துவர்.

"என் வீட்டு விஷயம் எனக்குத் தெரியும்!" என்று கத்திவிட்டு, மையத்திடம் நேரே சொல்லி அதைச் செய்து முடித்தான்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தெய்வானை அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். திட்டினால் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அவனுக்கு வெறி தலைக்கேறியது, தட்டை விட்டெறிந்து கத்தினான். மையத்து ஆட்கள் புதுக் காப்போடு வந்தார்கள். திமிறத் திமிற அவன் கையில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் அவனே சிரித்த முகமாகச் சாட்சி சொன்னான். தெய்வானையின் மருந்து முழுவதும் இறங்கி, அவள் காப்பும் கழன்றது. கை லேசாகிப் போனதில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடுத்தது இவர்," என்றார் பெனாசிர். "கோபக்காரர்தான், நோயாளி இல்ல. இவருக்கு இந்த மருந்தே தேவையில்ல. இறக்க ஆரம்பிக்கலாம். நீங்க சாட்சி சொல்லுங்கம்மா."

கஜேந்திரன் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தான். காலையில் கோழிக் குழம்பு வைத்து, உப்பு சரியா என்று கேட்டுக் காத்து நின்றவன். அந்தப் புன்னகைக்குள் அடைபட்டுக் கிடப்பது எப்படியிருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

"இப்ப என்ன அவசரம், டாக்டர்?" என்றாள் தெய்வானை. "நல்லாத்தானே இருக்கார்!"