உப்பிய செல்கள்

மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போனால் ஐந்துக்குத்தான் வரும். அந்த இரண்டு மணி நேரமும் கணவனின் ஏர் பெட்டுக்குக் காற்று ஊதும் பம்பை ஓட்டுவது, கட்டிலுக்கு அடியில் அவள் கட்டி வைத்திருந்த பேட்டரிப் பெட்டி. ஓடி முடிந்ததும் அதிலுள்ள நான்கு பச்சை விளக்குகளில் இரண்டு அணைந்திருக்க வேண்டும். மூன்று நாளாக ஒன்றுகூட அணையவில்லை. நேற்று சார்ஜ் போடவே மறந்துவிட்டாள். அப்போதும் நான்கும் எரிந்தன.

“நல்லதுதானே? உன் கை ராசி அப்படி,” என்றான் அவன், ஒருக்களித்துப் படுத்தபடி.

கை ராசியாவது ஒன்றாவது. தெருவே அவளை ‘பேட்டரிக்கா’ என்றுதான் கூப்பிடும். தாடி மெஷின், கொசு பேட், வீடு பெருக்கும் மெஷின், பாட்டுப் பெட்டி, குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டும் கார் என்று முன்னறை மேசைக்கு வராத பொருள் இல்லை. செத்த செல்லை எடுத்துவிட்டு நல்லதைப் போட்டுக் கொடுப்பாள். வெள்ளித்தாள் உறை போட்ட தட்டை செல் உப்பியிருந்தால் மட்டும், வெடித்துத் தீப்பிடிக்கும் என்று மணல் வாளிக்கு அனுப்பிவிடுவாள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கி டேப் ஒட்டித் தரும் கடைக்காரர்களை அவள் திட்டாத நாள் கிடையாது.

அதையேதான் இப்போது அவளும் செய்திருந்தாள். பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து ஐந்து மாதமாகக் கிடக்கிறான் அவன். மார்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மெத்தை நின்றால் புண் எலும்பைத் தொட்டுவிடும், தொட்டால் ஆள் தேறமாட்டார் என்று நர்ஸ் பச்சையாகச் சொல்லிவிட்டுப் போனாள். பெட்டியிலிருந்த பழைய செல்கள் செத்துவிட்டன; புது செல் வர இரண்டு வாரம் ஆகும். வாளியிலிருந்து ஆறு செல்லைப் பொறுக்கி, மூலையில் ஊசி ஏற்றி, கட்டைவிரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, டேப் ஒட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்துதான் அந்த வாடை. அழுகின பழமும் நகப்பூச்சு அழிக்கிற மருந்தும் சேர்ந்தாற்போல ஒரு தித்திப்பு, தொண்டை வரை இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும் தித்திப்பு. புண்தான் என்று நினைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டுதான் தினமும் அதைக் கழுவுவாள்; கட்டின புருஷனைத் தொடும்போது குமட்டுகிறதே என்று தன்மேலேயே வெறுப்பு வரும். ஆனால் இன்று கட்டைப் பிரித்தால் புண் காய்ந்து பாதியாகச் சுருங்கியிருந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வாடை மட்டும் குறையவில்லை. குனிந்தாள். கீழேயிருந்துதான் வந்தது.

பெட்டியைத் திறந்தாள். டேப்பைத் தள்ளிக்கொண்டு ஆறும் மறுபடி உப்பியிருந்தன. ஒன்றோடொன்று ஒட்டி, ஈரமாக, மினுமினுவென்று. விரல் வைத்தாள். உடம்புச் சூடு. சீ என்று கையை உதறினாள். இப்படியே விட்டால் வெடித்துத் தொலைக்குமே என்று ஊசியை எடுத்து முதல் செல்லில் ஏற்றினாள். காற்று வரவில்லை. மஞ்சளாக, கெட்டியாக ஏதோ ஒன்று அவள் கட்டைவிரல்மேல் வழிந்தது.

“அப்பாடா!” என்றான் மேலே அவன். “இப்பதான் வலி விட்டுச்சு.”

“என்ன வலிங்க?”

“முதுகுலதான். இறுக்கிட்டே இருந்துச்சு. என்னடி பண்ணே? இன்னும் கொஞ்சம் பண்ணு.”

ஐந்து மாதம் கழித்து அவனுக்கு முதுகு தெரிகிறது. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. இரண்டாவதைக் குத்தினாள். அவன் மறுபடி பெருமூச்சு விட்டான். மூன்றாவதற்கு அவளால் முடியவில்லை. கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். நான்கு முறை சோப்பு போட்டும் விரலில் தித்திப்பு போகவில்லை. சோற்றில் கை வைக்கவே கூசியது.

மறுநாள் இரண்டரைக்கே முடிவு பண்ணிவிட்டாள். கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரமும் கையாலேயே புரட்டிப் புரட்டிப் போட்டால் போயிற்று. இந்த அசிங்கம் வீட்டுக்குள் வேண்டாம். பம்பு ஒயரைப் பெட்டியிலிருந்து வெட்டினாள். பெட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய் மணலில் புதைத்தாள். திரும்பி உள்ளே வரும்போது மூன்று மணி. மின்விசிறி சுழன்று நின்றது.

பம்பு நிற்கவில்லை.

அதே உர்ர்ர். மெத்தை ஏறியது, இறங்கியது. தித்திப்பு வாடை முன்னைவிட அதிகமாக இருந்தது.

“காத்து நல்லா வருதுடி,” என்றான். குரலில் எச்சில் கொழகொழத்தது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். தரையில் பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. வெட்டின ஒயர் அங்கே தொங்கவில்லை. பம்பிலிருந்து அதைக் கையால் பிடித்துக்கொண்டே போனாள். ஒயர் மேலே ஏறியது. மெத்தை ஓரமாக. போர்வைக்குள். பிசுபிசுத்தது.

“புரண்டு படுங்க.”

அவனாகவே புரண்டான். சட்டையைத் தூக்கினாள்.

புண் இல்லை.

தோலும் இல்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரை வெள்ளி. மினுமினுவென்று, புடைத்து. விலா இரண்டு பக்கமும் செல் உறை போலத் தட்டையாக அமுக்கி மூடிய விளிம்பு. ஒயர் இடுப்பில் நுழைந்திருந்தது. அதைச் சுற்றிச் சதை உதடாகக் கூடி, மெல்ல மெல்லச் சப்பியது.

“இறுக்குதுடி. ஊசி எங்க?” கெஞ்சினான். “குத்திடேன்.”

முழுச் சார்ஜில் இருக்கும் செல்லைக் குத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பழகின கை அதுபாட்டுக்குப் போய், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தது. வெதுவெதுப்பாக அமுங்கியது. பள்ளம் அப்படியே நின்றது.

அவன் தலையைத் திருப்பிச் சிரித்தான். வாயோரத்தில் மஞ்சளாக ஒன்று நூல் நூலாக இறங்கித் தலையணையைத் தொட்டது.