ஒத்தப் பனைக்குக் கீழ

"பஸ்ஸு ஓடுதுல்லா? பொறவு அது முதுகுல ஸ்கூட்டரு எதுக்குல?" என்று கேட்டார் எலியாசர் மாமா.

தனசிங் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட அந்தப் பஸ்ஸை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, உள்ளே மூன்று கட்டிலும் ஓர் அடுப்பும் வைத்தவன் அவன்தான். பின்புறம் இரும்புச் சட்டம் அடித்து, அதில் ஸ்கூட்டரை ஏற்ற இரண்டு நீளத் தகடுகளும் செய்திருந்தான். அண்ணன் கீழிருந்து தள்ள, தங்கை கிருபா ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, ஸ்கூட்டர் தகட்டில் ஏறிச் சட்டத்தில் உட்கார்ந்தது.

"தேரிக்குள்ள பஸ்ஸு போவாது மாமா. இது போவும்" என்றாள் கிருபா, பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டே.

"தேரிக்கா? மறுபடியும் மணி தேடியா?" மாமா சிரித்தார். "ஒங்கப்பன் வித்த மணி எந்தப் பித்தளைக் கடையில உருகிச்சோ. மணல்ல தேடுதாளாம்."

கிருபாவின் கை பட்டையிலேயே நின்றது. 'மணி வித்த வீடு.' பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த பேர் அது.

நடந்தது இதுதான். ஆறுதல்புரம் முன்பு தேரி என்கிற செம்மணல் மேடுகளின் நடுவில் இருந்த ஊர். ஆடிக் காற்றில் செம்மணல் நகர்ந்து நகர்ந்து வீடுகளை மூடியது. சனங்கள் ரோட்டோரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். வேதக்கோயிலில் மணியடித்துக்கொண்டிருந்த கிருபாவின் அப்பா ஆசீர்வாதம், ஆளில்லாத ஊரில் திருடன் கை வைப்பானே என்று மணியை இறக்கி எங்கோ ஒளித்து வைத்தார். வண்டி கொண்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர், அந்த வாரமே காய்ச்சலில் விழுந்தார். கண்மூடும் முன் பக்கத்தில் இருந்தது சின்னப்பிள்ளையான கிருபா மட்டும். "ஒத்தப் பனைக்குக் கீழ, மணலுக்குள்ள, பத்திரமா கெடக்கு" என்றார் அவளிடம்.

ஊரே போய்ப் பனைக்குக் கீழே தோண்டியது. மணலைத் தவிர ஒன்றும் இல்லை. அன்றைக்கு வந்தது அந்தப் பேர்.

இப்போது அசனப் பண்டிகை வரப் போகிறது. ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். அதற்குள் மணியைக் கொண்டு வந்துவிட வேண்டும், அல்லது இனி அப்பாவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. கிருபா தனக்குத்தானே அப்படி முடிவு கட்டியிருந்தாள்.

"ஏறுங்க மதினி" என்றாள். தனசிங்கின் மனைவி ஷீபா கடப்பாரையோடு ஏறினாள். சென்னையில் பிறந்து வளர்ந்தவள். போன மாசம்தான் மருமகளாக வந்திருந்தாள்.

பஸ் தார் ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கியது. ஓர் ஓடைப் பள்ளத்தில் முன்சக்கரம் ஏறவும் பின்சட்டம் தரையில் உரசிக் கிரீச்சிட்டது. ஸ்கூட்டரை இறக்கி, சட்டத்தை மேலே மடக்கிக் கட்டி, மெல்ல ஏறினார்கள். அதற்கப்பால் ஒரு மேட்டடியில் பஸ் நின்றுவிட்டது. எதிரே சிவப்பு மணல், அலை அலையாக.

தனசிங் ஸ்கூட்டர் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினான். அப்போதுதான் மணலில் புதையாது. மண்வெட்டி, கடப்பாரை, தண்ணீர்க் கேன் எல்லாம் ஸ்கூட்டரில் போயின. மணல் இளகிய இடத்தில் காய்ந்த பனையோலையை விரித்து அதன் மேல் உருட்டினார்கள்.

ஒத்தப் பனை பாதிக்கு மேல் மணலில் மூழ்கிக் கிடந்தது. அதன் ஓலை கைக்கு எட்டியது. மூவரும் அடிமரத்தைச் சுற்றித் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழி தூர்ந்தது. உச்சி வெயில் ஏறியதும் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். கிருபா கட்டிலில் சாய்ந்தாள்.

"தண்ணிக் கேன் எங்கட்டி?" என்றான் தனசிங்.

"ஸ்கூட்டர்லதாண்ணே. பஸ்ஸுக்குக் கீழ நிக்கி."

ஷீபா இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் முழங்காலெல்லாம் மண்ணோடு திரும்பி வந்தாள்.

"ஏங்க, ஸ்கூட்டரைக் காணோம். பஸ்ஸுக்கு அடியில படுத்துகூடப் பார்த்துட்டேன்."

தனசிங்குக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பஸ்ஸுக்கு அடியில ஸ்கூட்டர் எப்படிம்மா நிக்கும்? கீழன்னா கெழக்க. நம்ம ஊருல கீழத்தெரு இருக்குல்லா, அது என்ன பாதாளத்துலயா இருக்கு?"

"அப்ப கிழக்கன்னு சொல்ல வேண்டியதுதானே? கீழன்னா நான் குனியத்தான் செய்வேன்."

கிருபா எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே" என்றாள். குரல் மாறியிருந்தது. "அப்பாவும் கீழன்னுதான சொன்னாவ?"

தனசிங்கின் சிரிப்பு நின்றது. மணலுக்குள் என்று கேட்டதும் எல்லார் மனசும் அடிப்பக்கம்தான் போனது. ஊரே குனிந்துவிட்டது, ஷீபாவைப் போல.

"பனைக்குக் கெழக்க என்ன இருந்துச்சு?"

"மாடு தண்ணி குடிக்கிற கல்தொட்டி" என்றான் அவன் மெதுவாக. "நான் சின்னதுல அதுக்குள்ள எறங்கி வெளயாடிருக்கேன்."

வெயில் தாழ்ந்ததும் போனார்கள். தொட்டி இருந்த தடமே இல்லை. ஆனால் சூரியன் மேற்கே இறங்க இறங்க, குட்டைப் பனையின் நிழல் கிழக்கே நீண்டுகொண்டு போயிற்று. அந்த நிழலின் மேலேயே நடந்து, கிருபா அடிக்கொரு தரம் கடப்பாரையைக் குத்தினாள். மணல். மறுபடியும் மணல். நிழலின் தலை தொடும் இடத்தில் 'ணங்' என்றது.

அதற்குள் இருட்டத் தொடங்கியது. அந்த இடத்தில் கடப்பாரையை நட்டு வைத்துவிட்டு, விடிந்ததும் வந்தார்கள். இடுப்பளவு தோண்டியதும் கல்தொட்டியின் விளிம்பு தெரிந்தது. உள்ளே பனைநார்ப் பாய். பாயை விலக்கினால், பச்சையேறிய மணி குப்புறக் கிடந்தது.

தனசிங் அதைப் புரட்டினான். ஆனால் சத்தம் வரவில்லை. கிருபா உள்ளே கைவிட்டுத் தடவினாள். மணியின் நாக்கைச் சுற்றி, பச்சைக்கட்டம் போட்ட துண்டு ஒன்று இறுக்கமாகக் கட்டியிருந்தது. தூக்கி வரும்போது ஒலித்துக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று அப்பா தன் தோள் துண்டையே கட்டியிருக்கிறார். கிருபா அதை அவிழ்க்கவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கூட்டரை ஏற்றும் தகடுகளைச் சேர்த்துக் கட்டி, மணியை அதில் வைத்து, ஸ்கூட்டர் முன்னே இழுக்க, இருவர் பின்னே தள்ள, மெள்ள மெள்ளப் பஸ்ஸுக்குக் கொண்டு வந்தார்கள். ஓடைப் பள்ளத்தைத் தாண்டியதும் சட்டத்தை இறக்கினார்கள். ஸ்கூட்டர் வந்த இடத்தில் மணி தொங்கியது. ஸ்கூட்டருக்கு இடமில்லை. கிருபா அதை ஓட்டிக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே வந்தாள், மணியைப் பார்த்தபடி.

ஊர் முகப்பில் ஹாரன் அடித்துப் பஸ்ஸை நிறுத்தினாள். துண்டை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "இனி போ அண்ணே" என்றாள். வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியது.

டாண்.

வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. எலியாசர் மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மணியைப் பார்த்தார், பிறகு கிருபாவின் தோளைப் பார்த்தார். அந்தத் துண்டின் நுனியைத் தொட்டார்.

"ஆசீர்வாதம் துண்டுல்லா இது" என்றார். துண்டை அவள் தோளில் சரியாக இழுத்துவிட்டு, "ஏட்டி, அசனத்துக்கு நீதான் மணியடிக்கணும். வேற எவனும் கயித்தத் தொடக் கூடாது" என்றார்.

அப்படியே அவள்தான் அடித்தாள். ஆகையால், என் கண்ணுகளா, யாராவது ஒரு வார்த்தை சொன்னால், சொன்னவர் எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார் என்று ஒரு தரம் யோசித்துவிட்டுத் தோண்டுங்கள்.

அசனப் பந்தி முடிந்ததும் வெளியூரிலிருந்து ஆராதனை நடத்த வந்திருந்த போதகர் ஐயர் கேட்டார்: "மணி இழுத்து வந்த அந்த ஸ்கூட்டர் எங்கேம்மா? பார்க்க வேண்டுமே."

"கோயிலுக்கு மேல நிக்கி ஐயரே" என்றாள் ஷீபா.

ஐயர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஊரே மேற்குப் பக்கம் திரும்பிச் சிரித்தது.