தோமோயே வீட்டுத் தவிட்டுத் தொட்டி

கோட்டைக்குக் கீழே இருந்த அந்தத் தெருவில் இருநூறு வருஷமாக எதுவும் மாறவில்லை. மாற்ற நகரசபை விடுவதும் இல்லை. வாடகைக் கிமோனோவில் வந்த சுற்றுலாப் பெண்கள் கறுத்த மர வீடுகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்த முற்பகலில், சிகுசா தான் மணக்கப்போகும் ஹருமிச்சியோடு அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே காலை வைத்ததும் ஒரு புளித்த வாடை குப்பென்று அடித்தது. ஈரத்துணியைப் பத்து நாள் மூடி வைத்த வாடை.

"வாம்மா, வா. நகோயாவிலேருந்து பஸ்ல வந்து முகமே வாடிப்போச்சே" என்றாள் அவன் அம்மா தோமோயே. தேநீரோடு தவிட்டில் ஊறிய வெள்ளரிக்காயை நகர்த்தி வைத்தாள். அந்த வலது கை வெளுத்து, சுருங்கி, சொதசொதவென்று இருந்தது. ஐந்து விரலிலும் நகமே இல்லை.

சிகுசா சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இருந்தாலும் சிரித்து வைத்தாள். மூன்று வருஷமாகக் காத்திருந்த கல்யாணம். அம்மா சரி சொல்லாமல் ஹருமிச்சி பதிவுத்தாளில் கையெழுத்துப் போடமாட்டான்.

"சரி, காய் ஊறப்போடற தவிட்டுத் தொட்டியைக் கிளறிட்டு வந்துடலாம். வர்ற மருமக முதல்ல செய்யறது அதுதான்."

சமையற்கட்டின் மண்தரையில் கழுத்துவரை புதைந்திருந்தது அந்த மரத்தொட்டி. மூடியைத் திறந்ததும் சிகுசா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் தவிட்டின் மேல் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது.

"கையுறை இருக்கா, அத்தை?"

"நல்லாக் கேட்டே போ! கையுறை போட்டா ருசி எங்கேருந்து வரும்? இதுல எட்டு மருமகளுங்க கை ஊறியிருக்கு. ஒருநாள் கிளறலேன்னாலும் தவிடு செத்துடும்."

சிகுசா வலது கையை முழங்கைவரை உள்ளே விட்டாள். குளிர்ந்த சேறு விரலிடுக்கில் பிதுங்கியது. அடியில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. வெள்ளரிக்காய் என்று நினைத்தாள்.

அது மடங்கியது.

அவள் விரல்களுக்கு நடுவே விரல்கள் நுழைந்து கோத்துக்கொண்டன. இன்னொரு கை மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொன்று உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது.

"பயப்படாதே," தோமோயே காதோரம் கிசுகிசுத்தாள். "பழகிக்கிறாங்க. நான் வந்தப்போ விடவே மாட்டேன்னுட்டாங்க."

சிகுசா அலறிக்கொண்டு கையைப் பிடுங்கினாள். மோதிர விரலின் நகம் உள்ளேயே நின்றுவிட்டது. கொல்லைப்புற ஓடையருகே ஓடிப்போய்க் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தியெடுத்தாள்.

ஹருமிச்சி பின்னாலேயே வந்தான். வாயில் வெள்ளரிக்காய் நறநறத்தது.

"வெறும் தவிடுதானே சிகுசா? அம்மா சங்கடப்படுவாங்கல்ல?"

"உள்ளே என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"சின்ன வயசுலேருந்து இதைத்தானே தின்னுட்டிருக்கேன்."

மென்றுகொண்டிருந்த அந்த வாயைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இதையா மூன்று வருஷம் முத்தமிட்டோம் என்று உடம்பெல்லாம் கூசியது.

"தின்னுக்கிட்டே இரு. எனக்கு இந்தக் கல்யாணமும் வேண்டாம், உன் வீடும் வேண்டாம்."

ஒரு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாள். தப்பித்தோம் என்று வழியெல்லாம் அழுதாள்.

பத்தாம் நாள், நகோயா அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது கைபேசி அடித்தது. இடது கையால் எடுத்தாள்.

"கோபமெல்லாம் தீர்ந்துச்சாம்மா?" தோமோயேயின் குரல் தேனாக இனித்தது. "ஹருவுக்கு ரெண்டு கிண்ணம் சோறு கூடுதலா இறங்குது. உன் கைப்பக்குவம் அப்படி."

"நான்தான் அங்கே இல்லையே!"

"நீ இல்லைதான். கை தினமும் வந்துடுதே."

சிகுசா மடியைப் பார்த்தாள். வலது சட்டைக்கை முழங்கைவரை நனைந்து, தவிடு அப்பிக் கிடந்தது. புளித்த வாடைக்குப் பக்கத்து மேசைக்காரி மூக்கைப் பொத்தினாள்.

துடைக்கத் துணி தேடுவதற்குள், அந்தக் கை தானாக எழுந்து, சோற்று டப்பாவுக்குள் இறங்கி, நிதானமாகக் கிளற ஆரம்பித்தது.