அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு கை!

டெலிபோன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டிய ஆள் நாலடி தள்ளித் தரையில் கிடந்தான்!

லானி டாபின்ஸ். வயது முப்பத்தெட்டு. அலபாமாவின் அந்தக் கறுப்பினப் பல்கலைக்கழக நூலகத்தில், மூன்றாவது மாடி ஸ்கேனிங் அறையில், ஒன்பது வருடமாகப் பழைய காகிதங்களைப் படம் பிடிப்பவன். அடிமைகளாய் இருந்தவர்களின் கடிதங்கள், கறுப்பர்கள் நடத்திய பத்திரிகைகள், எவரும் அச்சிட மறுத்த கவிதைகள்... எல்லாம் அவன் கை பட்டுத்தான் கம்ப்யூட்டருக்குள் போயின.

இப்போது அவன் பின்மண்டையில் ரத்தம்...

பளிச்!

மேலே தொங்கிய காமிராவின் விளக்கு மின்னியது. நாலு விநாடி கழித்து மறுபடி... பளிச்! அவனுடைய இடது ஷூ, காமிராவை இயக்கும் மிதிப் பெடலை அழுத்திக்கொண்டு கிடந்தது.

கீழ்த்தளத்திலிருந்து போன் செய்து அலுத்துப்போன வெர்னெல் காட்ஸ்டன் மாடியேறி வந்தாள். டிஜிட்டல் தொகுப்புகளுக்குப் பொறுப்பாளர். ஐம்பத்தாறு வயது. முழங்கால் வலி.

"லானி! போனை எடுத்தா விரல் தேஞ்சிடுமா? பத்தரைக்கு விழா! நீ என்னடான்னா..."

கதவைத் திறந்தாள்.

அலறினாள்!

மண்டியிட்டு அவன் கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இருந்தது. மெல்லிய துடிப்பு.

"லானி... கண்ணு... போயிடாதேடா!"

அவன் காலை மிதியிலிருந்து விலக்கினாள். மின்னல் நின்றது. பக்கத்தில், புத்தகம் மூடாமலிருக்க வைக்கும் பித்தளைக் கட்டை... ரத்தக் கறையோடு.

மேஜையில் சிப்போரா லாங்மயரின் டைரி விரிந்திருந்தது. கேனன் பாட்டம் கறுப்பர் குடியிருப்பில் மருத்துவச்சியாக இருந்தவள். 1921-ல் அந்தக் குடியிருப்பை வெள்ளைக் கும்பல் கொளுத்தியதைக் கண்ணால் பார்த்தவள். போன மாதம்தான் அவளுடைய பேத்தி டைரியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

அறுபத்திரண்டாம் பக்கம் இருந்தது.

அறுபத்து ஐந்தாம் பக்கம் இருந்தது.

நடுவில் ஒரு தாள்... கிழிக்கப்பட்டிருந்தது!

*

ஆம்புலன்ஸ் லானியை ஏற்றிக்கொண்டு போனபோதுதான் நூலகத் தலைவர் வந்து சேர்ந்தார். டாக்டர் லியாண்டர் க்ரம்ப்டன். மூன்று பட்டங்கள், நாலு விருதுகள், ஒரு போ-டை. வாசலில் நிற்கும் வெண்கலச் சிலை அவருடைய தாத்தா ரெவரெண்ட் ஏமோஸ் க்ரம்ப்டனுடையது. கேனன் பாட்டம் மக்களைத் தீயிலிருந்து காப்பாற்றிய வீரர் என்று சிலைக்குக் கீழே எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தவர் பேரன்தான்!

"டைரி பத்திரமா?" என்றார் க்ரம்ப்டன்.

வெர்னெல் அவரை முறைத்தாள். "லானி பத்திரமான்னு கேக்கத் தோணலையா டாக்டர்?"

"அதைத்தான் கேக்க வந்தேன். பத்தரைக்கு டி.வி.காரங்க வர்றாங்க. நன்கொடை கொடுத்த ஸ்டாலிங்ஸ் வர்றார், இந்த மாடிக்கு அவர் குடும்பப் பேர் வைக்கற விழா. இதை விழா முடியற வரைக்கும் வெளியே சொல்ல வேணாம்."

"ரத்தத்து மேல கார்பெட் போட்டுடலாமா?"

"நல்ல யோசனை!" என்றார் அவர். கேலி என்பது அரை நிமிடம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

"கார்பெட்டுக்கு நான் அளவு எடுக்கட்டுமா?" என்றது வாசலில் ஒரு குரல்.

லெப்டினன்ட் எர்னஸ்டின் மேப்ரி. நகரப் போலீஸ். கனத்த உடம்பு, வாயில் சூயிங்கம், தேவாலயப் பாடகர் குழுவில் வெர்னெலுக்கு அடுத்த நாற்காலி.

"சிஸ்டர் வெர்னெல், அந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"எனக்குத் தெரியாது. நேத்து லானி முகமே சரியில்ல. 'அறுபத்து மூணுல ஒரு பேர் இருக்கு மிஸ் வெர்னெல். நெட்ல ஏத்தறதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்டவங்க காதுல போட்டுடறதுதான் மரியாதை'ன்னான். யாருன்னு கேட்டேன். சொல்லல."

"மரியாதை பார்த்தவன் மண்டை உடைஞ்சுது."

க்ரம்ப்டன் தொண்டையைக் கனைத்தார். "இது சின்னக் குழந்தைக்குக் கூடப் புரியும் லெப்டினன்ட். கேனன் பாட்டத்தைக் கொளுத்துன கும்பலுக்குத் தலைவன் யாரு? மரக் கம்பெனி முதலாளி ஸ்டாலிங்ஸ்! இன்னிக்கு விழாவுக்கு வர்ற ப்ரெஸ்டன் ஸ்டாலிங்ஸோட தாத்தா!"

"அப்படிப்பட்டவர் பேரையா இந்த மாடிக்கு வைக்கப் போறீங்க?"

"அது... பரந்த மனப்பான்மை."

"அப்படிச் சொல்லுங்க!" மேப்ரி சூயிங்கத்தை இடமிருந்து வலத்துக்கு மாற்றினாள்.

*

ப்ரெஸ்டன் ஸ்டாலிங்ஸ் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். வெளிர்நீலக் கோட்டு, வெயிலில் சிவந்த கழுத்து. மேப்ரி அவரைப் படிக்கும் கூடத்தில் உட்காரவைத்தாள்.

"மிஸ்டர் ஸ்டாலிங்ஸ், எட்டரையிலேர்ந்து ஒன்பது வரைக்கும் எங்கே இருந்தீங்க?"

"பல் டாக்டர் நாற்காலியில. வாயைத் திறந்துக்கிட்டு. ஏன்?"

"உங்க தாத்தா பேர் இருந்த பக்கத்தை யாரோ கிழிச்சிருக்காங்க."

"கிழிச்சா?" அவர் சிரித்தார். "அம்மா, என் தாத்தா தீ வெச்சது இந்த ஊர் நாய்க்குக் கூடத் தெரியும். அதுக்கு மன்னிப்புக் கேக்கறதுக்குன்னே நியூயார்க்லேர்ந்து ஒரு கம்பெனியைப் பிடிச்சிருக்கோம். இதோ பாருங்க என் பேச்சு. மூணாவது வரியிலேயே தாத்தாவைத் திட்டறேன். எட்டாவது வரியில கண்ணைத் துடைச்சுக்கணும்னு குறிப்பு கூட இருக்கு!"

காகிதத்தை நீட்டினார். ஓரத்தில் உண்மையிலேயே எழுதியிருந்தது... 'இங்கே சற்று நிறுத்தவும். கைக்குட்டை.'

மேப்ரி பல் டாக்டருக்குப் போன் செய்தாள். எட்டே காலிலிருந்து ஒன்பதரை வரை ஸ்டாலிங்ஸின் வாய் அங்கேதான் திறந்திருந்தது.

"சீ!" என்றாள் வைத்துவிட்டு. "இந்த ஆளா இருக்கணும்னு எவ்வளவு ஆசைப்பட்டேன்!"

*

"சிஸ்டர், அந்தக் காமிரா... மின்னிக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னியே?"

வெர்னெல் படியில் நின்றுவிட்டாள்.

"ஏசுவே!"

"என்ன?"

"கம்ப்யூட்டர் திரை கறுப்பா இருந்துச்சு. மிஷினே அணைஞ்சு கிடக்குன்னு நினைச்சேன். பதட்டத்துல எனக்குத் தோணவே இல்ல. மிஷின் ஓடாம காமிரா எப்படி மின்னும்?"

முழங்கால் வலியை மறந்து ஓடினாள்.

ஸ்கேனிங் அறை. தடயக்காரர்கள் வேலையை முடித்திருந்தார்கள். பின்னாலேயே க்ரம்ப்டனும் வந்தார், விழாப் பேச்சு வைத்த தோல் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

வெர்னெல் திரையின் பொத்தானைத் தட்டினாள்.

வெளிச்சம்!

"எவனோ திரையை மட்டும் அணைச்சுட்டு, கம்ப்யூட்டரையே அணைச்சுட்டோம்னு நினைச்சிருக்கான். சரியான மடையன்! மிதியை அழுத்துன உடனே படம் மூணு இடத்துல பதிவாகும்."

"மூணு இடத்துலயா?" என்றார் க்ரம்ப்டன். கக்கத்து ஃபைலை இன்னும் இறுக்கினார்.

"'டிஜிட்டல் பாதுகாப்பு'ன்னு நாடு நாடாப் போய் பேசறீங்களே டாக்டர்... தெரியாதா?"

படங்கள் வரிசையாக விரிந்தன.

லானியின் பின்மண்டை. டைரியின் ஓரம்.

பிறகு... ஒரு கை! வெள்ளைத் துணி உறை மாட்டிய கை, பக்கத்தைப் பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தது!

"கையுறை..." என்றாள் மேப்ரி. "ரேகை கிடைக்காது."

"ரேகை எதுக்கு?" வெர்னெல் உதட்டைச் சுழித்தாள். "காகிதத்தோட வேலை செய்யறவன் கையைக் கழுவிட்டு வெறுங்கையாலதான் தொடுவான். உறை போட்டா விரலுக்கு உணர்ச்சி இருக்காது, காகிதம் கிழியும். இந்தக் கட்டடத்துல வெள்ளை உறை மாட்டற ஆள் ஒருத்தர்தான். போட்டோவுல நல்லா இருக்கும்னு மாட்டறவர்!"

இருவரும் திரும்பினார்கள்.

க்ரம்ப்டனின் நெற்றியில் வியர்வை. "உறை பெட்டி மேஜை மேல இருக்கு. யார் வேணும்னாலும் மாட்டலாம்! ஸ்டாலிங்ஸ் ஆள் அனுப்பியிருக்கலாம்!"

"அப்போ இதையும் பார்த்துடலாம்." வெர்னெல் விரல் இன்னொரு படத்தில் நின்றது. காலை எட்டு முப்பத்தாறு. லானி விழுவதற்கு முன் எடுத்த கடைசிப் படம்.

அறுபத்து மூன்றாம் பக்கம். முழுசாக!

மருத்துவச்சியின் சாய்ந்த எழுத்தை வெர்னெல் வாய்விட்டுப் படித்தாள்.

"'எந்தெந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, எந்தெந்த வீட்டில் இல்லை என்ற பட்டியலை மரக் கம்பெனி ஸ்டாலிங்ஸ் கையில் கொடுத்தவர் நம்முடைய ரெவரெண்ட் க்ரம்ப்டன். நான் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். துப்பாக்கி இல்லாத வீடுகள்தான் முதலில் எரிந்தன. அந்தக் குழந்தைக்கு நான் பெயர் வைக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை.'"



வெர்னெலின் கண்கள் நிறைந்திருந்தன. வாசல் சிலைக்கு வருஷா வருஷம் மாலை வைத்தவள் அவள்தான்.

"லானி உங்ககிட்டதான் சொல்லியிருக்கான்," என்றாள் மெதுவாக. "உங்க மனசு நோகக் கூடாதுன்னு."

"அந்த ஃபைலைத் திறங்க டாக்டர்," என்றாள் மேப்ரி.

"இதுல என் பேச்சுதான்..."

திறந்தாள். பேச்சு இருந்தது. அதன் நடுவே, பழைய காகிதம் கெடாமலிருக்க வைக்கும் அமிலமில்லாத மெல்லிய தாளில் பத்திரமாகச் சுற்றி... பழுப்பேறிய ஒரே ஒரு டைரித் தாள்!

"ஏன்யா எரிக்கல?"

க்ரம்ப்டன் தலை குனிந்தார். "மனசு வரல. நூறு வருஷத்துக் காகிதம்..."

"காகிதத்தை எரிக்க மனசு வரல. மனுஷன் மண்டையைப் பொளக்க வந்துச்சு!"

மேப்ரியின் போன் அடித்தது. கேட்டாள். முகம் மலர்ந்தது.

"லானி கண்ணைத் திறந்துட்டான் சிஸ்டர். முதல் கேள்வி... 'அறுபத்து மூணு தெளிவா விழுந்திருக்கா?'"

வெர்னெல் அழுதாள். சிரித்தாள். மூக்கைத் துடைத்தபடியே பொத்தானை அழுத்தி, அறுபத்து மூன்றாம் பக்கத்தை உலகம் முழுவதுக்கும் ஏற்றினாள்.

கைவிலங்கு 'க்ளிக்' என்றது. க்ரம்ப்டனின் உதட்டில் கோணலாய் ஒரு சிரிப்பு.

"ஏத்திக்கோ! எவன் படிக்கப் போறான்? போன மாசம் முழுக்க இந்தத் தொகுப்பைத் திறந்து பார்த்தவங்க மொத்தமே பதினோரு பேர்!"

"கவலையே படாதீங்க டாக்டர்," என்றாள் மேப்ரி, சூயிங்கத்தைப் பொட்டென்று வெடிக்கவிட்டு. "பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வரி விடாம படிக்க நான் ஏற்பாடு பண்றேன்... அவங்களுக்கு ஜூரின்னு பேர்!"