குளிராத அறை

குளிர் அறையின் கனத்த கதவைத் திறந்ததும் மெக்கானிக்கின் முகத்தில் பட்டது குளிர் அல்ல, இளஞ்சூடு. யாரோ அப்போதுதான் எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு.

புதிதாகக் கட்டிய இறைச்சிக்கடை. காலையிலிருந்து கம்ப்ரஸர் மூச்சுவிடாமல் ஓடியது. கேஸ் சரியாக இருந்தது, குழாயில் கசிவில்லை, கதவு ரப்பரில் காகிதம்கூட நுழையவில்லை. வெப்பநிலை மீட்டர் மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடை முதலாளி வேறு போனில் பொரிந்து தள்ளிவிட்டார்: "சாயங்காலம் சரக்கு வந்துடும். அதுக்குள்ள குளிரலேன்னா எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடுங்க!"

மொட்டை மாடியில் வெளி யூனிட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மைத்துனனைப் போனில் கூப்பிட்டான் மெக்கானிக்.

"இங்க ஒரு குறையும் இல்ல மாமா. உள்ள ஆளுங்க நிறைய நின்னாத்தான் இப்படிச் சுணங்கும்."

"நான் ஒருத்தன்தாண்டா இருக்கேன்."

"கதவைச் சாத்திட்டு உள்ள நின்னு பாருங்க. காத்து எங்கயோ தடைபடுது."

சாத்தினான். வெளியுலகத்தின் சத்தமெல்லாம் ஒரே அடியாக அறுந்து, ஃபேனின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. புதுத் தகடும் பசையும் மணக்கும் காற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, நெரிசலான பேருந்தில் வீசுகிற வியர்வை வாடை, மெல்லக் கிளம்பி வந்தது. ஃபேனை நோக்கிக் கையை நீட்டினான். பாதித் தூரத்தில் சூடு. கையை நகர்த்தினான். அங்கேயும் சூடு. கீழே, இடுப்புயரத்தில், இன்னும் சின்னதாக ஒரு சூடு.

"மாமா! இறங்குது மாமா! என்ன பண்ணீங்க?" வெளி யூனிட்டின் மீட்டரைப் பார்த்து மைத்துனன் போனில் கத்தினான்.

அவன் ஒன்றும் பண்ணவில்லை.

சுவர்கள் சடசடவென்று வெளுத்தன. மூலைகளில் பூத்த உறைபனி தரையில் பரவி அவனை நோக்கி வந்தது. அவனுக்கோ வியர்த்துக் கொட்டியது. முதுகில் வெதுவெதுப்பு. தோளில். கழுத்தில்.

அறை குளிர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்த சூடெல்லாம் அவனிடம் வந்துகொண்டிருந்தது.

கதவைப் பார்த்தான். நடுவில், வெற்றிடத்தில், வெண்புகையாக ஒரு மூச்சு. பக்கத்தில் இன்னொன்று.

"முதலாளி வந்துட்டாரு, ஏக சந்தோஷம்! கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க, மாமா."

 

குனிந்தான். தரையெங்கும் வெள்ளை. அவனைச் சுற்றி மட்டும் பனி படியாத வெறுங்கால் தடங்கள், வரிசை வரிசையாக, பெரியதும் சிறியதும்.

எல்லா விரல்களும் அவனைப் பார்த்தபடி.