காணாமல் போன இரண்டு வினாடி

“பதினெட்டு வினாடி, டீச்சர்!”

பட்டாசு கத்தியதும் அறிவியல் கூடமே சிரித்தது. படபடவென்று பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

ஒரு மீட்டர் நூலில் தொங்கும் இரும்புக் குண்டு பத்து முறை போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் இருபது வினாடி. பட்டாசுக்கும் அவள் கூட்டாளி ஆமைக்கும் மட்டும் மூன்று தடவையும் பதினெட்டு! குண்டை விட்டு எண்ணுவது அவள். ஸ்டாப்வாட்சை அழுத்துவது அவன்.

“ஆமை கைல வாட்சைக் குடுத்தா இப்படித்தான்!” என்றான் நெட்டையன். “குண்டு கிளம்பி ரெண்டு வினாடி கழிச்சுத்தான் இவனுக்கு முழிப்பே வரும்!”

ஆமையின் காது சிவந்துவிட்டது. நாளை பள்ளிகளுக்கு இடையே அறிவியல் போட்டி. அதற்காக ஒரு மாதமாக அந்த வாட்சும் கையுமாகத் திரிந்தவன் அவன்.

டீச்சர் நெற்றியைத் தேய்த்தார். “ரெண்டு பேரும் வேலைய மாத்திக்குங்க. அப்ப சரியா வந்துச்சுன்னா, நாளைக்கு வாட்சை நெட்டையன் புடிக்கட்டும்.”

ஆமை குண்டை விட்டான். “பூஜ்யம்... ஒண்ணு... ரெண்டு...”

‘பத்து’ என்றதும் பட்டாசு வாட்சை நிறுத்தினாள். இருபது!

“நான் சொல்லல?” என்று நெட்டையன் குதித்தான். ஆமை பையை எடுக்கக் குனிந்தான்.

பட்டாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூஜ்யமா? அவள் குண்டை விடும்போதே ‘ஒண்ணு’ என்றல்லவா ஆரம்பித்தாள்! அப்படியானால் அவள் ‘பத்து’ சொன்னபோது குண்டு ஒன்பது முறைதான் போய்வந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் வாயை மூடி அவளுக்குப் பழக்கமில்லையே!

“டீச்சர், அவன் மேல தப்பே இல்ல! நான்தான் விடும்போதே ஒண்ணுன்னு எண்ணித் தொலைச்சேன். டேய், பையக் கீழ வை. வாட்சைப் புடி!”

இம்முறை அவள் “பூஜ்யம்!” என்று கத்தியது பக்கத்து வகுப்புக்கே கேட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

‘பத்து’ என்றதும் ஆமை பொத்தானை அழுத்தினான். இருபது!

“அப்பாடா!” என்றார் டீச்சர். “நாளைக்கு நீங்க ரெண்டு பேருமே வாங்க. எட்டு மணிக்கு பஸ்.”

வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆமை சிரித்தான். “எட்டு மணிக்கு வந்தா போதும். உன் கணக்குப்படி எண்ணிட்டு ஏழு மணிக்கே வந்து நின்னுடாத!”